காய்ச்சல் பட்டியல்

உங்கள் பிள்ளையின் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் படிக்கிறார்கள். அதிகாரி வருகிற நாளில் மட்டும் இருபத்தேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப் பதினோரு பேர் எங்கே என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்: காய்ச்சல். ஒரே நாளில், ஒரே வகுப்பில், பதினோரு பேருக்கு. மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் பதினோரு பேருக்கும் குணமாகிவிடும். மருத்துவர்கள் இன்னும் பெயர் வைக்காத நோய் அது.

இந்தக் கதையில் வரும் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த நோயின் போக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருடங்களாக அதைப் பரப்பியவரே அவர்தான். வருடத்துக்கு ஒரு முறை வாசிப்புச் சோதனைக்கு மதிப்பீட்டு அதிகாரி வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். முந்தின நாள் மாலை டீச்சர் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, திணறுகிற பிள்ளைகளின் பெயர்களை எழுதுவார். "நாளைக்கு நீங்க வர வேண்டாம்ப்பா, வீட்டுல இருங்க" என்பார். பிள்ளைகளுக்கு அது விடுமுறை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே காய்ச்சல் ஏறும். பள்ளிக்கு முதல் தரம் வரும். அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். ஆசிரியர் அறையில் அதற்கு 'காய்ச்சல் பட்டியல்' என்று பெயர். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

டீச்சரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே வந்து கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து வைப்பவர். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காதவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. பெயரை எழுதி வீட்டில் உட்கார வைத்ததோடு சரி.

இந்த வருடம் வியாழக்கிழமை சோதனை. திங்கட்கிழமை காலை அவர் மனதில் இருந்த பட்டியலில் பத்துப் பெயர்கள் இருந்தன.

பதினோராவது பெயர் அன்றைக்கு முதல் பீரியடில் வந்தது.

ரேடியோ என்பது ஒரு பெண்பிள்ளைக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர். எட்டு வயது, கணீர் குரல். டீச்சர் அவளைத்தான் வாசிப்புத் தலைவி ஆக்கியிருந்தார். தினமும் காலையில் டீச்சர் பாடத்தின் பெயரைச் சொல்வார். ரேடியோ புத்தகத்தை விரித்து முன்னால் நின்று ஒரு வரி வாசிப்பாள். முப்பத்தேழு பேரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். வகுப்பே அதிரும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, "பிள்ளைங்க என்னமாப் படிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஏற்கெனவே அனுப்பிவிட்ட மதிப்பீட்டுப் படிவத்தில் ரேடியோவின் பெயருக்கு நேரே, 'சரளமாக வாசிக்கிறாள்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அன்று, கிழிந்த புத்தகங்களுக்குப் பதிலாகப் புதுப் பதிப்பில் ஐந்து பிரதிகள் வந்திருந்தன. தலைவிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு டீச்சரும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒன்பதாம் பாடம், தபால்காரர். ஆரம்பிம்மா."

"தபால்காரர் சைக்கிளில் வந்தார்," என்றாள் ரேடியோ.

"தபால்காரர் சைக்கிளில் வந்தார்," என்றது வகுப்பு.

டீச்சர் தன் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். புதுப் பதிப்பில் தபால்காரருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். படமும் அதுதான். வரியும் அதுதான். வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

"மணியை அடித்தார். டிரிங் டிரிங்."

மணியும் இல்லை, டிரிங்கும் இல்லை. புதுப் புத்தகத்தில் அந்த இடத்தில் தபால்காரர் தலைக்கவசத்தைக் கழற்றினார். ரேடியோவின் கண் பக்கத்தில் இருந்தது, விரல் வரிக்கு வரி நகர்ந்தது, குரலில் ஒரு தடுக்கல் இல்லை. இல்லாத பாடத்தை அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

டீச்சர் தன் புத்தகத்தை மூடி வைத்தார். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் ஓடியதும் அவளை நிறுத்தி, ஒரு தாளில் 'படம்' என்று எழுதிக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"எந்தப் பாடம் டீச்சர்?"

"எந்தப் பாடமும் இல்ல. சும்மா, ஒரு வார்த்தை."

"பாடத்தோட பேரைச் சொல்லுங்க டீச்சர், படிச்சிடறேன்."

கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மரத்தட்டி. போன வருடம் ரேடியோ அந்தத் தட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கு இந்தப் பக்கம் வகுப்பு கத்தியதை வருடம் முழுக்கக் கேட்டு, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் மூன்றாம் வகுப்புக்கே வந்திருந்தாள். பாடத்தின் பெயர் தெரிந்தால் போதும், மீதி தானாக வரும். அந்தப் பெயரைத் தினமும் டீச்சரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நீ ஏம்மா எங்கிட்டச் சொல்லல, படிக்கத் தெரியாதுன்னு?"

ரேடியோவுக்குக் கேள்வியே புரியவில்லை. "தெரியுமே டீச்சர். புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு, பார்த்துக்கிட்டே சொல்றது. அதானே படிக்கிறது?"

அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை. வாசிப்பு என்று அவளுக்குக் காட்டப்பட்டதை அவள் மற்ற எல்லாரையும்விட நன்றாகச் செய்தாள். ஏழு மாதம் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு புது வரி வாசிக்கச் சொல்லாதவர் யார்? டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத்தானே அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டார்.

மாலையில் விஷயத்தை வீட்டில் சொல்லிவிடலாம் என்று ரேடியோவோடு நடந்தார். சலவைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அம்மா கடையில் இஸ்திரி போடுபவர். கொடியில் அடுத்தவர்களின் சட்டைகள் வரிசையாகத் தொங்க, கீழே பாயில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், உட்காருங்க. இவ எதுனா வால்தனம் பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு விஷயம் பேசணும்."

"நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். எனக்குத்தான் எழுத்தும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. இப்ப இவதான் இந்த வீட்டுக்குக் கண்ணு. கரண்டு ஆபீஸ் கடிதாசியா, கடைக்காரர் குடுக்குற சீட்டா, எல்லாம் இவதான் படிச்சுச் சொல்றா. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்."

பேச்சை மாற்ற, டீச்சர் குழந்தையைப் பார்த்தார். "சின்னவன் இந்த நேரத்துல தூங்குறானே?"

"ரெண்டு நாளா சளி, இருமல். மருந்துக் கடையில ஒரே கூட்டம். 'எல்லாம் பாட்டில்லயே எழுதியிருக்கு, படிச்சுப் பார்த்துக் குடுங்க'ன்னுட்டாரு. எம் பொண்ணு படிப்பான்னு வாங்கிட்டு வந்துட்டேன். நல்ல மருந்து டீச்சர். நேத்துலேர்ந்து இருமலும் இல்ல, அழுகையும் இல்ல. காலையிலேர்ந்து தூங்கறான்."

"காலையிலேர்ந்தா? பால் குடிச்சானா?"

"எழுப்புனா வாயைத் திறக்க மாட்டேங்கறான். தூக்கம் நல்லதுதானே."

"எவ்வளவு குடுத்தீங்க?"

அம்மா மகளைப் பார்த்தார். ரேடியோ பாட்டிலை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, விரலை வைத்து, அதே கணீர் குரலில் சொன்னாள்: "ஒரு மூடி, மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்."

டீச்சர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பொடி எழுத்தில், கறுப்பாக, தெளிவாக இருந்தது: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. டீச்சர் குழந்தையைத் தூக்கினார். தலை தோளில் துவண்டு விழுந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த மருத்துவமனைக்கு மூவரும் ஓடினார்கள். அம்மாவின் காலில் செருப்பு இல்லை. நர்ஸ் குழந்தை அசைகிறதா என்று உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். ஒன்றுமில்லை. மருத்துவர் பாட்டிலைப் பார்த்து, "எத்தனை மூடி?" என்றார். "நாலு," என்றார் அம்மா. மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். கையில் ஊசி ஏறியது. சுவரோரம் நின்ற ரேடியோ, பாட்டிலைப் பிடித்திருந்த தன் கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை முகம் சுளித்து, மெல்லிசாக ஒரு அழுகை அழுதது. அவ்வளவு அழகான அழுகையை டீச்சர் கேட்டதில்லை.

"பொழச்சுக்குவான். ராத்திரி இங்கயே இருக்கட்டும்," என்றார் மருத்துவர். பிறகு அம்மாவிடம் கடுமையாக, "படிச்சுப் பார்த்துக் குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

"படிச்சுப் பார்த்துத்தான் சார் குடுத்தோம்," என்றார் அம்மா. அவருக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

ரேடியோ டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "போன தடவை வாங்கினதும் இதே மாதிரி பாட்டில்தான் டீச்சர். அப்ப கடைக்காரர் அப்படித்தான் சொன்னாரு. அப்ப இதுலயும் அதுதானே எழுதியிருக்கும்?"

டீச்சர் அம்மாவைத் தனியாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னார். அம்மா, "தலையெழுத்து டீச்சர். எங்க குடும்பத்துக்குப் படிப்பு ஒட்டாது," என்றார்.

"தலையில யாரும் ஒண்ணும் எழுதலம்மா. படிவத்துல எழுதினது நான்தான். அவளுக்குத் தெரியும்னு எழுதினேன். அது பொய்."

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து டீச்சர் பாடமே எடுக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு, அன்றைய நாளிதழிலிருந்து நாலு வரி வாசிக்கச் சொன்னார். மற்றவர்கள் கத்தினார்கள், பென்சிலுக்குச் சண்டை போட்டார்கள். அவர் தலை நிமிரவில்லை. பதினோரு பேரால் ஒரு வரிகூட முடியவில்லை. ரேடியோவைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்தின் வடிவத்தை மணலில் எழுத வைத்தார். புதன் மதியத்துக்குள் அவளுக்கு ஆறு எழுத்துகள் வந்திருந்தன.

புதன் மாலை பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். தலைமை ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் கையை நீட்டினார். தாளுக்காக.

"பட்டியல் எங்க?"

"இந்த வருஷம் யாருக்கும் காய்ச்சல் இல்லீங்க."

பெரிய டீச்சர் சிரித்தார். டீச்சர் சிரிக்காததைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? போன வருஷம் முதல் தரம். இந்த வருஷம் பதினோரு பேரு திக்கித் திணறினா நேரா மூணாம் தரம். மூணாம் தரத்துப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. லாரி போற ரோடு. இந்தப் பொடிசுங்க தினமும் அதைத் தாண்டணும். அதுக்கு நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

அந்தக் கேள்வி டீச்சரைத் தைத்தது. அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியலன்னா கூடுதலா ஒரு ஆசிரியர் குடுக்கணும்னு விதி இருக்குங்க. நாம ஒரு தடவையாவது கேட்டோமா? எப்படிக் கேப்போம்? காகிதத்துல நம்ம பள்ளிக்கூடத்துல தெரியாதவங்களே கிடையாதே. இருபத்திரண்டு வருஷமா அந்த ஆசிரியர் வராமப் பார்த்துக்கிட்டது நான்தான்."

"விதியை எழுதிச் சுவத்துல ஒட்டிக்கலாம். அதுக்கு ஆள் வராது. நோட்டீஸ் வரும். படிவத்துல இருக்குறது யார் கையெழுத்து? உங்களோடது. பொய்யான மதிப்பீடுன்னு உங்களைத்தான் கேப்பாங்க. வேலைக்கே ஆபத்து, சொல்லிட்டேன்."

"கேக்கட்டும். பொய்தானே எழுதினேன்."

பெரிய டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குரல் இறங்கியது. "அந்த ஒரு பெண்ணுக்காவது காய்ச்சல்னு போடுங்க. தலைவின்னு எல்லாருக்கும் தெரியும். அவ நின்னு முழிச்சா என் மானமும் சேர்ந்து போகும்."

"இப்ப அவளுக்குக் காய்ச்சல்னு போட்டா அடுத்த தடவை அவ தம்பி என்ன ஆவான்னு யோசிச்சேன். அதே பாட்டில். அதே மூடி. நான் எழுத மாட்டேங்க."

வீரம் எல்லாம் அந்த அறையோடு சரி. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற நினைப்பு தெரு முனை வரைக்கும் கூடவே வந்தது. இருந்தும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பதினோரு வீடுகளின் கதவையும் தட்டினார்.

தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: "ரெண்டாவது பிள்ளை டீச்சர் எனக்கு. மூத்தவனுக்கும் நீங்கதான் காய்ச்சல்னு சொன்னீங்க. அவன் இப்ப ஆறாவது. பேரு எழுதத் தெரியும், அவ்வளவுதான். இன்னைக்கு எங்கேர்ந்து வந்துது உங்களுக்கு இந்த ஞானம்?"

டீச்சர் வாசலிலேயே நின்றார். "லேட்டாத்தான் வந்துது. திட்டுங்க. ஆனா நாளைக்குப் பிள்ளையை அனுப்புங்க."

மிஷின் நின்றது. தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு மணிக்கே கொண்டாந்து விடறேன். அப்புறம் அந்த மூத்தவன்?"

டீச்சர் அவன் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

வியாழன் காலை முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வகுப்பு வாசலை ஒட்டித் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தார். மெலிந்த மனிதர், கையில் பத்திகள் அச்சிட்ட அட்டைக் கட்டு. பெரிய டீச்சர் ஜன்னல் ஓரத்தில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். எட்டாவதாக ரேடியோவின் பெயர் வந்தது.

அதிகாரி அட்டையைக் கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடத்தின் பெயர் என்ன என்று அவள் கேட்கவில்லை. வகுப்பு முழுக்கத் தலைவியின் கணீர் குரலுக்குக் காத்திருந்தது. யாரோ ஒரு பையன், "ரேடியோவுக்குப் பாட்டரி போச்சு," என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவள் காது சிவந்தது.

ரேடியோ விரலை அட்டையில் வைத்தாள். "இது 'ம'. இங்க ஒரு 'ப' இருக்கு. இங்கயும் இருக்கு. இது 'ட'." மெதுவாக, இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில் எழுத்துகளைச் சேர்த்தாள். "படம். மரம். இந்த ரெண்டும் தெரியுது. மத்தது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். டீச்சரை அருகில் வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"சரளம்னு எழுதியிருக்கீங்களே."

"தப்பா எழுதிட்டேன். மாத்தி எழுதிக்குங்க."

"இது உங்க மேல பாயும் டீச்சர். நான் எத்தனையோ ஸ்கூலுக்குப் போறேன், எனக்குத் தெரியாததா? வேணும்னா ஆப்சென்ட் போட்டுடறேன். காய்ச்சல்னு."

ஆக, அவருக்கும் தெரியும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரிந்திருக்கும். ஏணியின் உச்சிப் படிவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த காய்ச்சல். டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எதிர்ல நிக்குற பிள்ளைக்கு எப்படிங்க ஆப்சென்ட் போடுவீங்க? அவளைப் பார்த்துட்டுப் போடுங்க பார்க்கலாம்."

அதிகாரி ரேடியோவைப் பார்த்தார். அவள் இன்னும் அட்டையில் 'ப' தேடிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து, 'சரளம்' என்பதை அடித்து, மேலே எழுதினார்: எழுத்துகளை அடையாளம் காணும் நிலை.

அன்று மாலைக்குள் பதினோரு பெயர்களும் முதல் முறையாக அரசாங்கக் காகிதத்தில் ஏறின.

மூன்றாவது வாரம் இரண்டு உறைகள் வந்தன. ஒன்று டீச்சருக்கு: பொய்யான மதிப்பீடு அனுப்பியதற்கு ஏழு நாளில் விளக்கம். இன்னொன்று பள்ளிக்கு: மூன்றாம் தரம், இணைப்பது குறித்துப் பரிசீலனை, கூடுதல் ஆசிரியர் வேண்டுமென்றால் பெற்றோர் முப்பது பேர் கையொப்பமிட்ட கோரிக்கை முப்பது நாளுக்குள் வர வேண்டும். பெரிய டீச்சர் மூன்று நாள் டீச்சரோடு பேசவில்லை. நாலாவது நாள் கோரிக்கைத் தாளை அவரே தட்டச்சு செய்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதல் கையொப்பம் தையல்காரருடையது. இரண்டாவது, இஸ்திரிக் கரி படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை.

டீச்சரின் விளக்கம் நாலு வரிதான். கடைசி வரி: 'இருபத்திரண்டு வருடங்களில் சுமார் இருநூறு பிள்ளைகளுக்கு நான் இல்லாத காய்ச்சலை எழுதியிருக்கிறேன், அவர்களையும் தேடிப் பிடித்துக் கற்பிக்க வழி செய்ய வேண்டும்.' அதற்கு இதுவரை பதில் வரவில்லை. வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை. ரேடியோவுக்கு நூற்று இருபது எழுத்துகள் வந்திருக்கின்றன. இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி. கையொப்பங்கள் பத்தொன்பது. முப்பது தேவை.

இதை வாசிக்க முடிகிற உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது இதுவரை பார்க்காத நாலு வரியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் அதன்மேல் கோபப்படாதீர்கள். எந்த இடத்தில் திணறியது என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.